வெள்ளை சோபாவுக்கு வைத்த பொட்டு

அன்றைக்கு அந்த ஹாலுக்குள் இருந்தவர்கள் மொத்தம் ஏழு பேர். நான், என் வீட்டுக்காரர், புதுக்கோட்டையில் காலேஜ் படிக்கும் எங்கள் மகள், என் நாத்தனார், துபாயிலிருந்து லீவில் வந்திருந்த அவளுடைய வீட்டுக்காரர், அவளுடைய மாமியார், அப்புறம் சோபாவை ஏற்றிக்கொண்டு வந்த வேன் டிரைவர். வேறு ஈ காக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் நேரில் நின்று பார்த்த மாதிரிப் பேசியவர்களைக் கூட்டினால் ஒரு கல்யாண மண்டபம் நிரம்பும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பூசினேன் என்றாள் ஒருத்தி. கிண்ணத்தோடு கவிழ்த்தேன் என்றாள் இன்னொருத்தி. அவர்கள் யாரும் அங்கே இல்லை.

நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. திருவரங்குளத்தில் வாக்கப்பட்டவள். மறுநாள் விடிந்தால் அவள் கட்டிய புது வீட்டுக்குப் பால் காய்ச்சு. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் புது வீடு கட்டிக் குடிபோனால் பிறந்த வீட்டிலிருந்து சீர் போக வேண்டும். அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை. அண்ணன்தான் பிறந்த வீடு. அண்ணன் என்றால் நாங்கள். விராலிமலையில் மெயின் ரோட்டுக்குப் பக்கத்தில் டீக்கடை போட்டிருக்கும் நாங்கள்.

அவள் கல்யாணத்தின்போதே அவள் மாமியார் வீட்டுச் சனத்தில் ஒருவர் பந்தியில் உட்கார்ந்து, "டீ ஆத்துற வீட்லயா பொண்ணெடுத்தீக?" என்று கேட்டிருக்கிறார். என் வீட்டுக்காரர் அவருக்குப் பின்னால் ரச வாளியோடு நின்றிருக்கிறார். அதை அவர் மறக்கவே இல்லை. அந்தச் சனம் அத்தனையும் பால் காய்ச்சுக்கு வரும், பிறந்த வீட்டுச் சீர் எங்கே என்று கேட்கும். அந்த நேரத்தில் தங்கச்சி தலைகுனியக் கூடாது. அவருக்கு இருந்த கவலை அது ஒன்றுதான். எனக்கு அதற்கு மேலும் பல கவலைகள் இருந்தன.

கவலைப்படுவது எனக்குப் பிறவியிலேயே வந்தது. பால் திரிந்துவிடுமோ, கேஸ் டியூப் கசியுமோ, மகள் ஏறிய பஸ் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ என்று எதையாவது நினைத்துக்கொண்டே இருப்பேன். பொறாமை மட்டும் அந்த வீடு வந்த பிறகு வந்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். என் நாத்தனார் பன்னிரண்டு முடித்தவள். அவளுக்குத் தலை பின்னி விட்டதும், மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்தபோது சேலை கட்டி விட்டதும் நான்தான். அதெல்லாம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அஸ்திவாரம் போட்ட நாளிலிருந்துதான் எனக்குள் ஏதோ புளிக்க ஆரம்பித்தது.

டைல்ஸ் ஒட்டி முடித்ததும் போய்ப் பார்த்தோம். உள்ளே நுழைந்ததும் எனக்குக் கண் கூசியது.

"எல்லாமே வெள்ளைதான் அண்ணி," என்றாள். "செவுரு, டைல்ஸு, கட்டிலு, பீரோ, டீவி வைக்கிற பலகை, சாப்புடுற மேசை, எல்லாம். இப்ப அதான் மாடர்ன்."

"அடுப்படியுமா?"

"அடுப்படியுந்தான்."

"புளிக்கொழம்பு தெறிச்சா?"

"சிம்னி இருக்கு அண்ணி. இழுத்துரும்."

புளிக்குழம்பைச் சிம்னி எப்படி இழுக்கும் என்று எனக்கு விளங்கவில்லை. இழுக்கும் போலிருக்கிறது என்று தலையாட்டினேன். வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அவள் மாமியார்தான் எனக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னார். அவர் கணவனை இழந்து பல வருஷம் ஆகிறது. வெள்ளைச் சேலைதான் கட்டுவார்.

"ஏத்தா, நான் கட்டுற சேலையத் தூக்கி வீட்டுக்குக் கட்டி விட்டுருக்கா ஒன் நாத்தனா. எம் மகன் துபாய்ல குத்துக்கல்லாட்டம் நல்லாத்தானடி இருக்கான்?"

"அத்தே! நாள் கெழமையும் அதுவுமா என்ன பேச்சு இது?"

"இன்னைக்கு என்னடி நாளு கெழமை? சும்மா புதங்கெழமதான?"

நான் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தேன். ஆனால் அறை அறையாகப் போகப் போகச் சிரிப்பு அடங்கிவிட்டது. ஜன்னல் கம்பிகூட வெள்ளை. வெளியே செம்மண் புழுதி பறக்கிற ஊரில், ரோட்டோரத்தில், அவ்வளவு வெள்ளையாக ஒரு வீட்டை வைத்துக்கொள்ள ஒருத்திக்குத் தைரியம் வந்திருக்கிறது. அந்தத் தைரியத்தின் மேல்தான் எனக்குப் பொறாமை. எங்கள் வீட்டில் தலையணை உறையைக்கூட அழுக்குத் தெரியாத நிறமாகப் பார்த்துத்தான் வாங்குவேன்.

அவர்கள் முன்னால் நடக்க, நான் பின்னால் குதிகாலால் தரையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். ஏதாவது ஒரு டைலுக்கு அடியில் சிமெண்டு சரியாகப் போகாமல் டொக்கென்று கேட்காதா என்றுதான். பூஜையறைக் கதவுக்குப் பின்னால் ஒன்று கேட்டது. புதுக்கோட்டைக்கு பஸ் வருகிற வரைக்கும் அந்த ஒரு டைலை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன். பஸ் மாறி உட்கார்ந்ததும் கவலை வந்துவிட்டது. அது உடைந்து அவள் காலைக் கிழித்துவிட்டால்? நாம் பார்த்தும் சொல்லாமல் வந்துவிட்டோமே?

அதற்கப்புறம் போனில் படம் படமாக வரும். ஸ்டேட்டஸிலும் வைப்பாள். வெள்ளைக் கட்டில், வெள்ளைத் திரைச்சீலை, வெள்ளைத் தொட்டியில் பிளாஸ்டிக் செடி. நான் டீ ஆற்றுகிற மேடையில் போனைச் சாய்த்து வைத்துப் பார்ப்பேன். என்னைச் சுற்றிக் கடையின் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடக்கும். ஒன்றுக்கு முதுகு விரிந்து கட்டுக்கம்பியால் தைத்திருக்கும். கொடும்பாளூர்க் கோயில் பார்க்க வரும் வெளியூர்க் கார்க்காரர்கள் எங்கள் கடையில் நிறுத்துவார்கள். அந்தப் பெண்கள் நாற்காலியை டிஷ்யூ பேப்பரால் துடைப்பார்கள், துடைத்த பேப்பரைப் பார்ப்பார்கள், பிறகு நின்றுகொண்டே குடிப்பார்கள். அதெல்லாம் பழகிப்போயிருந்தது. அந்தப் படங்கள் வர ஆரம்பித்த பிறகு, அவர்கள் பேப்பரைத் திருப்பிப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு முகம் சுட்டது.

ஒரு நாள் பால் பொங்குகிற நேரத்தில் போன் அடித்தது.

"அண்ணி, சீருக்கு அண்டா குண்டா, குத்துவெளக்கு எதுவும் வேணாம். அதக் கொண்டாந்து வச்சா ஹாலோட லுக்கே கெட்டுரும்."

"பின்ன என்னதான் வேணும்?"

"ஒரே ஒரு சோபா. மொழங்கை மாதிரி மடங்கி இருக்கும்ல, எல் ஷேப்பு, அது. வெள்ளையில. படம் அனுப்புறேன். அண்ணங்கிட்டச் சொல்லிட்டேன்."

"அண்ணன் என்ன சொன்னுச்சு?"

"சரின்னுச்சே. ஒங்ககிட்டச் சொல்லலையா?"

என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார். டீயை ஒரு முழ உயரத்துக்குத் தூக்கி ஆற்றிக்கொண்டிருந்தார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் உயரமாக ஆற்றினார்.

"வெலையக் கேட்டீங்களா?"

"தங்கச்சி வாயத் தொறந்து கேட்டுருச்சு. வெலையக் கேட்டுட்டா செய்வாங்க?"

"நம்ம கடைக்கு முன்னால தகரம் போடணும்னு வச்சுருக்க காசு?"

"மழை வந்தா ஒதுங்கிக்கலாம். அங்கிட்டு அந்தச் சனம் வந்து நின்னு, டீக்கடைக்காரன் என்னத்தக் கொண்டாந்தான்னு கேட்டா எங்க ஒதுங்குறது?"

நான் பால் சட்டியை இறக்கி வைத்தேன்.

புதுக்கோட்டையில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். நாத்தனார் அனுப்பிய படத்தைக் காட்டியதும் விற்கிற தம்பி நேராகக் கூட்டிப்போய் அதன் முன்னால் நிறுத்திவிட்டான்.

"உக்காந்து பாருங்கக்கா."

"இருக்கட்டும் தம்பி."

"சும்மா உக்காருங்கக்கா. உக்காந்தாத்தான தெரியும்."

சேலையைப் பின்னால் ஒருமுறை தட்டிவிட்டு, ஓரத்தில் உட்கார்ந்தேன். அது என்னை அப்படியே உள்ளே வாங்கிக்கொண்டது. சாயங்கால சீரியல்களில் வசதியான வீட்டு வில்லிகள் எல்லாரும் வெள்ளை சோபாவில்தான் உட்கார்ந்திருப்பார்கள். காலுக்கு மேல் காலைப் போட்டு, யாரையாவது ஒழித்துக்கட்டத் திட்டம் போடுவார்கள். அவர்களுக்கு எப்படி இவ்வளவு நிதானமாக யோசனை வருகிறது என்று நினைத்திருக்கிறேன். உட்கார்ந்து பார்த்தபோது தெரிந்தது. அதில் உட்கார்ந்தால் இடுப்பு வலிக்காது.

"வெள்ளைத் துணியா இருக்கே தம்பி. கறை புடிக்காதா?"

அவன் தன் தண்ணி பாட்டிலைத் திறந்து சோபாவின் கைமேல் ஊற்றினான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. சேம்பு இலையில் உருளுகிற மாதிரி முத்து முத்தாக உருண்டு கீழே போனது.

"பாத்தீங்களா? எதைக் கொட்டுனாலும் ஒட்டாதுக்கா. தொடச்சாப் போதும்."

நாற்பத்து ஆறாயிரம் என்றான். தகரக் கூரைக்கு வைத்திருந்த பதினாறாயிரத்தை என் வீட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து எடுத்து எண்ணினார். மிச்சத்துக்கு மாதத் தவணை. அவர் கையெழுத்துப் போடுகிற நேரம் முழுக்க நான் அந்த சோபாவிலேயே உட்கார்ந்திருந்தேன். காசு எங்கள் காசு. கடன் எங்கள் கடன். இதில் உட்காரப் போகிறவள் மட்டும் அவள். கையை அதன்மேல் வைத்திருந்தேன். எழுந்திருக்க மனசே வரவில்லை. "வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று அவர் இரண்டு தடவை சொல்ல வேண்டியதாயிற்று.

பால் காய்ச்சுக்கு முந்தின நாள் சாயங்காலம் சோபா வேனில் வந்து இறங்கியது. சீர்த் தட்டுகள் மறுநாள் மேளத்தோடு வரும். கனமான சாமான் என்பதால் இது மட்டும் முன்னாலேயே. வேன் டிரைவரும் என் வீட்டுக்காரரும் நாத்தனார் வீட்டுக்காரரும் மூச்சு வாங்கத் தூக்கி வந்து ஹாலில் போட்டார்கள். தடித்த பாலித்தீன் கவர் போட்டு இறுக்கி ஒட்டியிருந்தார்கள். எங்களைப் போன்றவர்கள் வீட்டில் புது மெத்தை வந்தாலும் சைக்கிள் வந்தாலும் அந்தக் கவர் தானாகக் கிழிகிற வரைக்கும் எடுக்க மாட்டோம். நான் அதை நினைத்துக்கொண்டு நிற்கும்போதே நாத்தனார் கத்திரிக்கோலோடு வந்துவிட்டாள்.

"கவரு இருக்கட்டுமே," என்றேன்.

"கவரோட வச்சா பட்டிக்காடுன்னு சிரிப்பாங்க அண்ணி."

சர்ரென்று ஒரே இழுப்பு. கவர் கீழே சுருண்டு விழுந்தது. மேலே சீலிங்கில் ஒளித்துப் பதித்த விளக்கைப் போட்டாள். அந்த ஹாலில், அந்த விளக்கில் அது கடையில் இருந்த சோபா மாதிரியே இல்லை. அந்த இடத்துக்கென்றே பிறந்த மாதிரி இருந்தது. என்னால் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

அவள் மாமியார் வந்து பார்த்தார்.

"சீருன்னு சொன்னீக. மஞ்சக் குங்குமம் ஒன்னும் வைக்காம உள்ள கொண்டாந்துட்டீக?"

"அது சோபா அப்பத்தா," என்றாள் என் மகள்.

"சோபாவா இருந்தா என்ன, சோத்துப் பானையா இருந்தா என்ன? பொறந்த வீட்டுச் சீரு மொட்டையாவா வரும்? ஏத்தா, நீதான மூத்தவ. பொட்ட வையி."

நாத்தனார் இதைக் கவனிக்கவில்லை. அந்தக் கோடியில் நின்று, திரைச்சீலையிலிருந்து ஆரம்பித்து போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று நான் குழைத்து எடுத்து வந்திருந்த மஞ்சள் கிண்ணமும் குங்குமச் சிமிழும் பையில் இருந்தன.

என் மகள் காதில் முணுமுணுத்தாள். "அம்மா, இரும்புக் கால் இருக்குல்ல, அதுல வையி."

காலில் வைக்கலாம்தான். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் எனக்கு அப்போது ஒரே ஒரு பயம்தான் இருந்தது. என் கண்ணைப் பற்றிய பயம். ஒரு தடவை பக்கத்துக் கடைக்காரியின் புது மிக்சியைப் பார்த்து "நல்லா இருக்கே" என்றேன். மறுநாளே புகைந்தது. அந்த மிக்சியைப் பார்த்த பார்வை எங்கே, நான் இந்த சோபாவைப் பார்த்த பார்வை எங்கே? இது முறிந்துபோகும், இல்லையென்றால் இதில் உட்காருகிற அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று என் மனசு அடித்துக்கொண்டது. கண்ணேறு கழிய வேண்டுமென்றால் கண்ணில் படுகிற இடத்தில் அல்லவா வைக்க வேண்டும்? காலில் யார் கண் படும்? அதோடு, தண்ணீர் உருண்டு ஓடியதை நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

மூன்று விரலால் மஞ்சளைத் தொட்டு இந்தக் கையில் ஒன்று, அந்தக் கையில் ஒன்று, சாய்மானத்துக்கு நடுவில் ஒன்று வைத்தேன். ஒவ்வொன்றின் மேலும் குங்குமம். வைத்து முடித்ததும் மனசு லேசானது. மணவறையில் உட்கார்ந்த பெண் மாதிரி இருந்தது சோபா.

நாத்தனாரின் போன் திரைச்சீலை, டீவி, செடி என்று மெதுவாக நகர்ந்து வந்தது. சோபாவுக்கு வந்ததும் நின்றது.

"என்ன அண்ணி இது?"

"பொட்டு."

"சோபாவுலயா?"

"சீருதானே..."

அவள் போனைப் போட்டுவிட்டு ஓடி வந்து ஈர டிஷ்யூவால் துடைத்தாள். குங்குமம் வந்தது. மஞ்சள் வரவில்லை. துடைக்கத் துடைக்க அது பரந்தது. எட்டணா அளவு இருந்தது தோசை அளவுக்கு ஆயிற்று. அதற்குள் அவள் வீட்டுக்காரர், பாவம், உதவி செய்கிறேன் என்று அடுப்படியிலிருந்து பாத்திரம் துலக்குகிற சோப்பை நுரையாக்கிக் கொண்டு வந்தார்.

"வேணாம்ண்ணே, சோப்பு வேணாம்," என்றேன். மஞ்சள் பட்ட துணிக்குச் சோப்புப் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவர் காதில்தான் அது விழவில்லை. அவர் நன்றாக அழுத்தித் தேய்த்தார். மஞ்சள் ரத்தச் சிவப்பாக மாறியது.

அவள் மாமியார்தான் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நான்தான் வைக்கச் சொன்னேன். ஆனா ஆத்தா, இம்புட்டுப் பெருசாவா வைப்பாக? மாட்டுப் பொங்கலுக்கு மாட்டு நெத்தியில வைக்கிற கணக்கா?"

வேன் டிரைவர் வாசலைப் பார்த்து நகர்ந்தார். "அப்ப நான் வாரேண்ணே. டோல்கேட்டுகிட்ட இன்னொரு லோடு இருக்கு."

"இருப்பா. கொஞ்சம் இரு," என்றார் என் வீட்டுக்காரர்.

நாத்தனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வயிறு எரிஞ்சுதான அண்ணி வச்சீங்க? வீடு கட்ட ஆரம்பிச்சதுலருந்து ஒங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நல்லா இருக்குன்னு சொல்லியிருப்பீங்களா?"

யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்திருந்ததை அவள் ஒன்று விடாமல் பார்த்திருக்கிறாள். நல்லா இருக்குன்னு சொன்னால் கெட்டுப்போகுமோ என்றுதானே நான் வாயைத் திறக்கவில்லை? வயிறு எரிந்தது உண்மை. எரிந்ததால் வைக்கவில்லை. எரிகிறதே, அதனால் இவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்துதான் வைத்தேன். இதை எந்த வார்த்தையில் சொல்வது? எப்படிச் சொன்னாலும் முதல் பாதியோடு அவள் நிறுத்திக்கொள்வாள்.

"இல்லம்மா," என்று மட்டும் சொன்னேன்.

"எடுத்துட்டுப் போயிருங்க. நாளைக்கு அவங்கல்லாம் வந்து இத என்னன்னு கேட்டா நான் என்ன சொல்றது? பொறந்த வீட்ல பழசத் தள்ளி விட்டுட்டாங்கன்னுல்ல நெனைப்பாங்க?"

"மேல ஒரு துண்டப் போட்டா?" என்றார் அவள் வீட்டுக்காரர்.

"சோபாவுக்குத் துண்டு போட்டு முடிவெட்டவா போறீங்க?"

என் வீட்டுக்காரர் கிட்டே வந்தார். கறைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்தார். பிறகு எழுந்து போனை எடுத்து அந்தக் கடைக்கே போட்டார். மாற்றித் தர முடியாது, கறை பட்டதைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். அதே மாதிரி இன்னொன்று குடோனில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது.

"அனுப்பிருங்க. நாளைக்குக் காலைல பொழுது கெளம்புறதுக்குள்ள வந்துரணும். அதையும் என் தவணையிலயே சேத்துக்கங்க."

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "ஏங்க..."

"மச்சான், நான் குடுக்குறேன்," என்றார் நாத்தனார் வீட்டுக்காரர். "எனக்கு ஒன்னும் பெருசில்ல."

"சீர நீங்களே வாங்கி வச்சுக்கிட்டா அதுக்குப் பேரு சீரா மாப்ள?"

அவர் குரலை உயர்த்தவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கறை பட்ட சோபா வந்த வேனிலேயே ஏறியது. மகளும் நானும் அவரும் அதோடு விராலிமலைக்குத் திரும்பி, மறுநாள் சீர்த் தட்டுகளோடு மறுபடியும் கிளம்பி வந்தோம்.

பால் பொங்கி, எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது இரண்டாவது சோபா வந்தது. நான் பையிலிருந்து மஞ்சள் கிண்ணத்தை எடுக்கக் குனிந்தேன். பழக்கம்தான்.

"அண்ணி, நீங்க வேணாம்," என்றாள் நாத்தனார். எல்லாருக்கும் முன்னால்தான் சொன்னாள். "பாப்பா, நீ வந்து வையி. கால்ல வையி."

என் மகள் என்னைப் பார்த்தாள். நான் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய் வெற்றிலை அடுக்கினேன். வெள்ளை மேடையில் பச்சை வெற்றிலை ரொம்ப அழகாக இருந்தது. அதற்கும் வயிறு எரிந்தது.

அப்புறம்தான் அவள் மாமியார் வீட்டுச் சனம் வந்தது. ரச வாளிக்கு முன்னால் உட்கார்ந்து பேசிய அந்தப் பெரியவரும் வந்தார். "பொறந்த வீட்டுச் சீரு எது?" என்று அவரேதான் கேட்டார். நாத்தனார் காட்டினாள். அவர் அதைச் சுற்றி ஒரு நடை நடந்து, "அடேங்கப்பா" என்றார். என் வீட்டுக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றார். "உக்காருங்க சித்தப்பா," என்று நாத்தனார் சொன்னாள். பெரியவர் தன் வேட்டியைப் பார்த்தார், சோபாவைப் பார்த்தார். "இருக்கட்டும்த்தா" என்று வெளியே போய் வாடகை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு முழுக்க அதில் யாருமே உட்காரவில்லை. எல்லாரும் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அடுப்படி வாசலிலிருந்து பார்த்தேன். முந்தின நாள் வந்ததைவிட இது இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது. இவளுக்குக் கறை பட்டாலும் அதைவிட நல்லதாக இன்னொன்று வந்துவிடுகிறது என்று நினைத்தேன். அதை வாங்கிக் கொடுத்ததே நாங்கள்தான் என்பது அந்த நேரம் எனக்கு ஞாபகம் வரவில்லை.

எங்கள் வீட்டில் சோபாவைப் போட்டதும் முன்னறையில் நடக்க இடமில்லாமல் போயிற்று. கடைக்குப் போக வேண்டுமென்றால் பக்கவாட்டில் ஒதுங்கித்தான் போக வேண்டும். பார்க்கிற நேரமெல்லாம் அந்தச் சிவப்பு என்னைத் திட்டியது. எலுமிச்சம்பழம் தேய்த்தேன், தயிர் தடவினேன், தண்ணி விட்டு அலசினேன். சிவப்பு மறுபடியும் மஞ்சளாகத் திரும்பியதோடு சரி. கடைசியில் கடைக்குப் பின்னாலிருந்த வெட்டவெளியில் இரண்டு பேரும் இழுத்துப் போட்டோம். மஞ்சள் துணியை வெயிலில் காயப் போட்டால் வெளுத்துப்போவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தினமும் காலையில் இழுத்துப் போடுவதும் சாயங்காலம் உள்ளே தள்ளுவதுமாக இருந்தோம். காகம் எச்சமிடாமல் நான் குச்சியோடு காவல். சித்திரை வெயில் முடிகிறபோது மஞ்சள் இருந்த இடமே தெரியவில்லை. குங்குமத்தின் லேசான ரோஸ் நிறம் மட்டும் உற்றுப் பார்த்தால் தெரியும். கொஞ்ச நாள் பொறுத்திருந்தால் போதும், இரண்டாவது சோபாவே வேண்டியதில்லை. ஆனால் பால் காய்ச்சு பொறுக்காதே.

ஸ்டேட்டஸில் இப்போதெல்லாம் நாத்தனார் வீட்டு ஹால் வருவதில்லை. கொஞ்ச நாள் எங்களோடு பேச்சே இல்லை. ஆடிக்கு முன்னால் ஒரு நாள் மலைக்கோயிலுக்கு வந்தவள் அப்படியே கடைக்கு வந்தாள். அண்ணனைப் பார்க்க வந்தேன் என்றாள்.

"உள்ள வாம்மா," என்றேன்.

உள்ளே வந்தவள் சோபாவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். கைப்பிடியைத் தடவினாள். கறையைத் தேடுகிறாள் என்று தெரிந்தது. தேடினாள், தேடினாள், அப்புறம் உட்கார்ந்தாள். நான் டீயைக் கொடுத்தேன். காலை மடித்துச் சம்மணம் போட்டுக்கொண்டு குடித்தாள்.

"ஒங்க வீட்டு சோபா எப்புடி இருக்கு?"

"பெட்ஷீட்டு போட்டு மூடி வச்சுருக்கேன் அண்ணி. எங்க அத்த வெத்தல எச்சியோட வந்து அதுலதான் உக்காரும். வேணும்னே உக்காரும். அதத் தொடச்சுத் தொடச்சே எனக்குக் கையி போச்சு. நான் இன்னும் அதுல நல்லா ஒரு நாளு சாஞ்சு உக்காரல."

கொஞ்ச நேரம் டீயைக் குடித்தாள். பிறகு இருக்கையை உள்ளங்கையால் அழுத்தி விட்டாள். மறுபடியும் அழுத்தினாள்.

"அண்ணி, இது எங்களுதவிட மெத்துன்னு இருக்கே? மொதல்ல வந்ததுதான் நல்லது போல. கடைக்காரன் ரெண்டாவது அனுப்புனதுல ஏமாத்திட்டானா?"

"ஒரே கடைதான. ரெண்டும் ஒன்னுதான் இருக்கும்."

"இல்ல அண்ணி. இது வேற மாதிரி இருக்கு."

சொல்லிவிட்டு அந்த முழங்கை மடிப்பைப் பார்த்தாள், சாய்மானத்தைப் பார்த்தாள், தலையணையை எடுத்துக் கனம் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். என் முகத்தில் இருக்கும்போது எப்படித் தெரியும் என்றுதான் இத்தனை நாள் தெரியாமல் இருந்தது. இன்னும் கொஞ்சம் டீ ஊற்றட்டுமா என்று கேட்டேன். தம்ளர் விளிம்பு வரைக்கும் ஊற்றினேன்.

அவள் பஸ் ஏறிப் போன பிறகு என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார்.

"என்ன, தங்கச்சியும் நீயும் ராசியாயிட்டீங்களா? மூஞ்சி தெளிஞ்சிருக்கு."

"நம்ம சோபா நல்லா இருக்குன்னு சொல்லுச்சு."

"நம்ம சோபாவா?" என்று சிரித்தார். சோபாவின் மறு கோடியில் உட்கார்ந்து போனைக் காட்டினார். தவணைக்காரனிடமிருந்து செய்தி வந்திருந்தது. இரண்டு சோபாவுக்கும் சேர்த்து, அந்த மாதம் கட்டியது போக, இன்னும் பாக்கி ஐம்பத்து மூன்றாயிரத்து நானூறு ரூபாய்.